அறை இருக்கிறதா?

"அறை இருக்கிறதா?"

"இருக்கிறது."

கேள்வி ஒன்று, விடை ஒன்று, உரையாடல் முடிந்தது. பையைத் தூக்கிக்கொண்டு படியேறுகிறோம். உலகத்தின் எந்த நகரிலும் நாள்தோறும் ஆயிரம் முறை நடைபெறும் இந்தச் சிறு நிகழ்ச்சிக்கு வரலாறு ஏது என்று கேட்கத் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, சென்ற கோடை விடுமுறை வரையில்.

அந்த விடுமுறையில் நெய்வேலியிலிருந்து நானும், உடன் பணியாற்றும் ஆசிரிய நண்பர் ஒருவரும் சிங்கப்பூர் சென்றிருந்தோம். தங்கியது நகர நடுவில் ஒரு நடுத்தர விடுதி. சீமான்கள் இறங்கும் மாளிகையுமன்று. மூட்டைப்பூச்சி முடிசூடி அரசாளும் முட்டுச்சந்துக் கொட்டிலுமன்று. ஆசிரியர்கள் ஓராண்டுச் சேமிப்பை எண்ணி எண்ணி எடுத்து, நான்கு இரவுக்குக் கொடுத்துவிட்டு, "பரவாயில்லை, வெந்நீர் வருகிறது" என்று ஆறுதல் கொள்ளும் இடம். தேக்கா என்று தமிழர் அழைக்கும் பகுதிக்கு நடந்தே போகலாம். சன்னலைத் திறந்தால் எதிர் வீட்டுச் சுவர். கட்டிலுக்கும் சுவருக்கும் இடையே ஒருவர் நின்றால் மற்றவர் கட்டிலின்மேல் ஏறித்தான் வழிவிட வேண்டும்.

வரவேற்பு மேசையில் சீனப் பெண் ஒருவர். கடவுச்சீட்டுகளை வாங்கிப் பார்த்தார். முன்பணம் பெற்றுக்கொண்டார். பின்பு எங்களை ஏற இறங்கப் பார்த்து இரண்டே கேள்விகள் கேட்டார். "புகை பிடிப்பீர்களா? கட்டில் ஒன்றா, இரண்டா?" விடை சொன்னோம். கதவு திறக்கும் அட்டையை நீட்டினார். அவ்வளவே! நண்பர் ஒரு குலத்தில் பிறந்தவர், நான் வேறொரு குலத்தில் பிறந்தவன். ஊரில் எங்கள் தெருக்களுக்கு இடையே ஒரு வாய்க்கால் ஓடுகிறது. அந்த வாய்க்கால் அந்த மேசைமீது ஓடவில்லை.

உறக்கம் வரவில்லை. புது இடம் என்பது மட்டும் காரணமன்று. தாத்தாவின் நினைவு வந்தது.

அவர் நெய்வேலிக்கு வந்தது 1958-இல். பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956-இல் தோன்றி, சுரங்கம் வெட்டும் பணியை 1957 மே 20 அன்று பிரதமர் நேரு தொடங்கி வைத்த மறு ஆண்டு. வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, இருபது வயது இளைஞர், மாற்று வேட்டி ஒன்றும் பள்ளிச் சான்றிதழும் கொண்ட துணிப்பையுடன் புறப்பட்டார். வழியில் ஒரு நகரத்தில் இரவாகிவிட்டது. கையில் பணம் இருந்தது. அவருடைய தாய் ஆட்டை விற்றுக் கொடுத்த பணம். தங்கும் விடுதி ஒன்றில் நுழைந்து, "அறை இருக்கிறதா?" என்று கேட்டார். மேசையிலிருந்தவர் உடனே விடை சொல்லவில்லை. "எந்த ஊர்?" என்றார். சொன்னார் தாத்தா. "ஊரில் எந்தத் தெரு?" என்றார். அதையும் சொன்னார். "இடம் இல்லை" என்றார் மேசைக்காரர்.

சாவிகள் வரிசையாகச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தன என்பதைத் தாத்தா இன்றும் சொல்வார். ஏழு சாவி, எண்ணிப் பார்த்தாராம். அன்றிரவு புகைவண்டி நிலையத்துச் சிமெண்டுத் தரையில் படுத்தார். மறுநாள் வேலை கிடைத்தது.

இந்த "எந்தத் தெரு?" என்ற கேள்வி இருக்கிறதே, அது தமிழகத்தின் தனிக் கண்டுபிடிப்பு! சாதியைக் கேட்பது நாகரிகமன்று என்பது கேட்பவர்க்கும் தெரியும். ஆகவே தெருவைக் கேட்பார். தெரு தெரிந்தால் பிறப்புத் தெரியும். பிறப்புத் தெரிந்தால் சாவி சுவரிலேயே தங்கிவிடும்.

வழிப்போக்கனுக்கு இடம் தருவது நம் நாட்டில் புதிதன்று. சாலை ஓரங்களில் சத்திரம் கட்டி, சோறிட்டு, நிழலும் நீரும் தந்த நாடு இது. மதுரையில் இராணி மங்கம்மாள் பெயரால் சத்திரம் நிற்கிறது. தஞ்சை மராட்டிய மன்னர்கள் சாலை நெடுகச் சத்திரங்கள் அமைத்தார்கள். சரபோஜி மன்னர் 1801-இல் ஆங்கிலேயப் பிரதிநிதிக்கு எழுதிய கடிதமொன்று உண்டு. சத்திரங்களைத் தம் பொறுப்பிலேயே விட்டுவைக்க வேண்டும் என்று வேண்டும் அந்தக் கடிதத்தில், உயர்ந்தோர் எனப்படுவோர் முதல் கடைக்கோடியில் நிறுத்தப்பட்டோர் வரை எல்லா வழிப்போக்கர்க்கும் அங்கே சோறு உண்டு என்று எழுதுகிறார். நல்ல செயலை நல்ல செயல் என்று சொல்வதில் நமக்குத் தயக்கமில்லை. பசித்தவன் பசி ஆறினான். ஆனால் சோறு எல்லார்க்கும் என்று இருந்த இடங்களிலும் பந்தி எல்லார்க்கும் ஒன்றாக இருந்ததில்லை. அறம் செய்தவர்கள் இலையைப் போட்டார்கள். இலைக்கும் இலைக்கும் நடுவே சுவரையும் வைத்தார்கள்.

ஈரோட்டு வணிகர் வீட்டு இளைஞர் ஒருவர், தந்தையிடம் மனத்தாங்கல் கொண்டு 1904-இல் காசிக்குச் சென்ற கதையை நீங்கள் அறிவீர்கள். பசியோடு ஒரு சத்திரத்தில் நுழைய முயன்றார். பார்ப்பனர்க்கே உணவு என்று வாயிலோன் தடுத்துத் தள்ளினான். தெருவில் எறியப்பட்ட எச்சில் இலையில் ஒட்டியிருந்த சோற்றை உண்டு பசியாறிய அந்த இளைஞர் நிமிர்ந்து பார்த்தார். சத்திரத்தைக் கட்டியவர் தென்னாட்டு வணிகர், பார்ப்பனர் அல்லாதவர் என்று சுவரிலே எழுதியிருந்தது. பணம் ஒருவருடையது, பந்தி இன்னொருவருடையது! அந்த இளைஞர் பின்னாளில் பெரியார் ஆனார்.

அறச்சாலை பிறப்பைக் கேட்டது. சரி, அது பழங்காலத்து ஏற்பாடு. காசு கொடுத்துச் சாப்பிடும் ஓட்டல் வந்ததே, புகைவண்டி வந்ததே, அங்கே கேள்வி நின்றதா? நிற்கவில்லை. பிறப்பு பார்க்காத இரும்புக் குதிரை என்று புகைவண்டியைப் புகழ்ந்தோம். வண்டிக்குள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு வந்தவர்கள் நிலையத்தில் இறங்கியதும், உணவு விடுதியில் "பிராமணாள்" என்று ஒரு பகுதி, "இதராள்" என்று ஒரு பகுதி! ஒரே சீட்டு விலை, ஒரே கரிப்புகை. சாம்பாருக்கு மட்டும் இரண்டு வாசல். இடைவிடாத கிளர்ச்சிக்குப் பிறகு 1941-இல்தான் அந்தப் பிரிவினை நீங்கிற்று.

நகரத்து ஓட்டல்களில் பெயர்ப்பலகை மட்டும் நீடித்தது. திருவல்லிக்கேணி முரளி கபேயின் முன்னால் 1957 மே மாதம் தொடங்கிய மறியல், மறு ஆண்டு வரை நாள் தவறாமல் நடந்தது. ஒரு சொல்லைப் பலகையிலிருந்து எடுக்க நூற்றுக்கணக்கானோர் சிறை சென்றார்கள். "ஒரு சொல்தானே, அதற்கு இத்தனை பாடா?" என்று கேட்டவர்கள் அன்று உண்டு, படித்தவர்களிலேயே உண்டு. உண்மைதான், ஒரு சொல்தான். "இடம் இல்லை" என்பது இரண்டு சொல்தான்.

உள்நாட்டுக் கதை இது. கடல் கடந்த தமிழனை எந்த விடுதி வரவேற்றது?

மூன்றாம் நாள் படகில் செல்லும்போது, தெற்கே மரங்கள் அடர்ந்த சிறு தீவு ஒன்றைப் பார்த்தோம். செயின்ட் ஜான்ஸ் தீவு. இன்று விடுமுறை நாளில் குழந்தைகளோடு சோற்று மூட்டை கட்டிக்கொண்டு போகும் இடம். 1874 முதல் நெடுங்காலம் அது நோய்த்தடுப்பு முகாம். 1926-இல் கட்டப்பட்ட 'ராஜுலா' போன்ற கப்பல்களில், சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஏறி, திறந்த தளத்தில் பாயை விரித்துப் படுத்து வந்த நம் மக்களில் எண்ணற்றோர், ஊருக்குள் கால் வைக்குமுன் இத்தகைய தீவுகளில்தான் இறக்கப்பட்டார்கள். பினாங்குக்கு எதிரே சரஜாக் தீவு என்று நம்மவர் சொன்ன ஜெரஜாக். இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்க்கோ, தாய்நாட்டுக் கரையிலேயே, மண்டபம் முகாம். அறையில் தங்கி வந்தவனுக்குப் பெரும்பாலும் இந்தத் தொல்லை இல்லை. தளத்தில் படுத்து வந்தவன் உடலில்தான் நோய் ஒட்டியிருக்கும் என்பது அன்றைய மருத்துவ அறிவு போலும்! அயல்நாட்டில் தமிழன் தங்கிய முதல் விடுதி அது. வாடகை கேட்கவில்லை. வெளியே செல்லவும் விடவில்லை.

ஊருக்குள் சென்றபின் உழைப்பாளிக்குத் தோட்டத்து லயம். செல்வர்க்கு வேறு ஏற்பாடு. சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் நகரத்தார் கிட்டங்கிகள் இருந்தன. பகலில் பெட்டியடி, இரவில் அதுவே படுக்கை. முன்னே பின்னே தெரியாத ஊரில் தம்மவர்க்குத் தம்மவர் துணை. இதைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. பிறர் கதவு திறவாதபோது தன் கதவைத் தானே செய்துகொள்வது தவிர வேறு வழி என்ன? ஆனால் அந்தக் கதவும் எல்லார்க்கும் திறந்ததன்று.

வெள்ளையர் கதவு எப்படி இருந்தது? 1893-இல் தென்னாப்பிரிக்காவில் இளம் வழக்கறிஞராக இருந்த காந்தி, ஜோகன்னஸ்பர்க் நகரின் கிராண்ட் நேஷனல் ஓட்டலில் இறங்கி அறை கேட்டார். மேலாளர் ஒரு கணம் அவரைப் பார்த்தார். "வருந்துகிறேன், இடம் நிறைந்துவிட்டது" என்றார், மிகப் பணிவாக. பிரிட்டோரியாவில் ஜான்ஸ்டன் என்பவரின் விடுதியில் அறை கிடைத்தது. ஆனால் உணவை அறையிலேயே உண்ண வேண்டும், கூடத்துக்கு வரலாகாது என்று நிபந்தனை. சற்று நேரத்தில் அந்த ஜான்ஸ்டன் வெட்கப்பட்டுத் திரும்பி வந்து, மற்ற விருந்தினரைக் கேட்டேன், அவர்களுக்குத் தடையில்லை, கூடத்திலேயே உண்ணலாம் என்றாராம். நல்ல மனிதர்! ஆயினும் பாருங்கள், ஒருவர் உட்கார்ந்து உண்ண, அறிமுகமே இல்லாத பத்துப் பேரிடம் இசைவு வாங்க வேண்டியிருந்தது.

இன்னொரு வழக்கு, இதைவிடக் கருத்தூன்றிப் பார்க்க வேண்டியது. லியரி கான்ஸ்டன்டைன் என்று மேற்கிந்தியத் தீவுகளின் புகழ்பெற்ற கிரிக்கெட் வீரர். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் அரசின் தொழிலாளர் அமைச்சகத்திலேயே நல அலுவலராகப் பணியாற்றி வந்தார். 1943-இல் லார்ட்ஸ் திடலில் ஆடுவதற்காக மனைவி, மகளோடு இலண்டன் வந்தார். ரஸ்ஸல் சதுக்கத்து இம்பீரியல் ஓட்டலில் நான்கு இரவுக்கு முன்கூட்டியே அறை எடுத்திருந்தார். நாங்கள் சிங்கப்பூரில் எடுத்ததும் நான்கு இரவுதான்! வந்து சேர்ந்ததும், ஓர் இரவுக்குமேல் தங்க முடியாது என்றார்கள். ஏன்? அங்கே தங்கியிருக்கும் அமெரிக்க வெள்ளைப் படைவீரர்கள் விரும்ப மாட்டார்களாம். விடுதி மேலாளராயிருந்த அம்மையார் இழிசொல்லும் சொன்னார். எந்த ஆட்சியின் போருக்காக அவர் உழைத்தாரோ, அந்த ஆட்சியின் தலைநகரில், அவர் குழந்தையின் எதிரில்!

கான்ஸ்டன்டைன் கை ஓங்கவில்லை. வேறு விடுதிக்குப் போனார், ஆட்டத்தை ஆடினார், பிறகு வழக்குத் தொடுத்தார். இங்கிலாந்தில் பழைய பொதுச்சட்டம் ஒன்று உண்டு. விடுதி நடத்துபவன், தக்க காரணமின்றி வழிப்போக்கன் எவனையும் திருப்பி அனுப்பலாகாது. கள்வர் பயம் நிறைந்த சாலைகளில் இரவில் வெளியே விடப்பட்டவன் உயிர் பிழைப்பது அரிது என்பதால் பிறந்த சட்டம். நீதிபதி பிர்க்கெட் அதைக் கையில் எடுத்தார். கான்ஸ்டன்டைனுக்குப் பொருள் இழப்பு இல்லை, வேறு இடம் கிடைத்துவிட்டது. ஆயினும் அவருடைய உரிமை மீறப்பட்டது, அதுவே குற்றம் என்று 1944-இல் தீர்ப்பளித்தார். இழப்பீடு 5 கினி. ஒரு நல்ல சட்டைக்கும் தொப்பிக்கும் காணும் காசு. எனினும் அந்த 5 கினியின் ஒலி நெடுந்தொலைவு கேட்டது. அவர் 1961-இல் டிரினிடாடின் தூதராக அதே இலண்டனுக்கு வந்தார்.

தூதராகவே வந்தவர்க்கும் விலக்கு இருந்ததில்லை. 1955-இல் அமெரிக்காவில் இந்தியத் தூதராயிருந்த ககன்விஹாரி மேத்தாவை, ஹூஸ்டன் விமான நிலைய உணவுக்கூடத்தில் வேறு அறைக்குப் போய் உண்ணச் சொன்னார்கள். அமெரிக்க வெளியுறவுச் செயலாளர் டல்லஸ் வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது. தூதருக்கு வருத்தம் தெரிவித்தார்கள். அந்நாட்டுக் கறுப்பின மக்களிடம் யார் வருத்தம் தெரிவித்தார்? அவர்கள் எந்த ஊரில், எந்த விடுதியில் இடம் கிடைக்கும் என்று குறித்து வைத்துக்கொள்ள, நியூயார்க் அஞ்சல்காரர் விக்டர் ஹியூகோ கிரீன் 1936 முதல் ஒரு கையேடே வெளியிட்டு வந்தார். விடுமுறைக்குப் புறப்படும் குடும்பம் முதலில் வாங்குவது அந்தப் புத்தகம். 1964-இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. 216 அறைகள் கொண்ட அட்லாண்டா விடுதியொன்று, "என் விடுதி, என் விருப்பம்" என்று உச்ச நீதிமன்றம் வரை வழக்காடி அந்த ஆண்டே தோற்றது.

நாம் இதில் அவர்களுக்கு முந்தியவர்கள் என்பதைப் பெருமையோடு சொல்லலாம். சென்னை மாகாணத்தில் எம். சி. ராஜா கொண்டுவந்த சமூக இடையூறு நீக்கச் சட்டம் 1938-இலேயே வந்தது. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 15-ஆம் பிரிவு, கடை, உணவு விடுதி, ஓட்டல், பொழுதுபோக்கிடம் என்று பெயர் சொல்லியே கதவுகளைத் திறந்தது. 1955-இன் தீண்டாமைக் குற்றச் சட்டமோ, ஓட்டல் என்றால் என்ன என்று விளக்கம் தரும்போது, தங்கும் விடுதியும் காபிக் கடையும் அதில் அடக்கம் என்று எழுதிவைத்தது. தப்பிக்கும் சந்து தெரிந்தவர்கள் எழுதிய சட்டம்!

அப்படியானால் 1958-இல் என் தாத்தாவுக்கு ஏன் அறை கிடைக்கவில்லை? சட்டம் வந்து மூன்று ஆண்டு ஆகியிருந்ததே?

மேசைக்காரர் காரணம் சொல்லவில்லை, அதனால்தான். "இடம் இல்லை" என்றார். ஜோகன்னஸ்பர்க் மேலாளரும் அதையேதான் சொன்னார். இலண்டன் அம்மையார் வாய்விட்டுக் காரணத்தைச் சொன்னார், நீதிமன்றத்தில் சிக்கினார். சட்டத்தின் காது சொல்லிய சொல்லைத்தான் கேட்கும். சுவரில் தொங்கும் ஏழு சாவிகளை அது எண்ணுவதில்லை.

தாத்தாவுக்கு நெய்வேலியில் வீடு கொடுத்தார்கள். சோவியத் நிபுணர்களும் செர்மன் இயந்திரங்களும் வந்திறங்கிய காலம். வட்டம் வட்டமாக வகுத்து, மரம் நட்டு, எண்ணிட்டுக் கட்டிய நகரியம். தம் நிலத்தையும் ஊரையும் இழந்து நகர்ந்த மக்களின் மண்ணின்மேல் எழுந்தது அது என்பதை மறக்கலாகாது. வீடு ஒதுக்கும் அலுவலர் தாத்தாவிடம் கேட்டது பணி என்ன, ஊதியத் தரம் என்ன என்பதே. எந்தத் தெரு என்று கேட்க முடியாது; எல்லாத் தெருவும் அப்போதுதான் போட்ட தெரு! ஒருபுறம் மலையாளக் குடும்பம், மறுபுறம் தஞ்சாவூர்ப் பார்ப்பனர். ஊதியத் தரம் மட்டும் புது வருணமாக முளைத்தது என்று தாத்தா கேலி செய்வார். ஆனாலும் அந்த வருணத்தில் ஏறிப் போகலாம். அவர் இரண்டு படி ஏறினார்.

எனக்கு முதல் வேலை வேறொரு நகரத்துப் பள்ளியில். வாடகைக்கு வீடு தேடினேன். பட்டமும் உண்டு, பணி ஆணையும் உண்டு. வீட்டுக்காரர் இனியவர், காபி கொடுத்தார். "சைவமா, அசைவமா?" என்றார். சொன்னேன். "சொந்த ஊர் நெய்வேலியேவா? அதற்கு முன்னால்?" என்றார். தாத்தாவின் ஊரைச் சொன்னேன். "அந்த ஊரில் எந்தப் பக்கம்?" என்றார். மறுநாள் தொலைபேசியில், "வேறொருவர் முன்பணம் கொடுத்துவிட்டார், தம்பி" என்றார். அந்த வீட்டுக் கதவில் "வாடகைக்கு" என்ற அட்டை மேலும் ஒரு மாதம் தொங்கியது. பள்ளிக்குப் போகும் வழி அது, நாள்தோறும் பார்த்தேன்.

பிரிட்டன் 1965-இல் ஓட்டல்களில் நிறபேதத்தைத் தடுத்து, வீட்டு வாடகையில் தடுக்க 1968 வரை காத்திருந்தது. அமெரிக்காவிலும் விடுதிக்கு 1964, வீட்டுக்கு 1968. விடுதிக் கதவு முதலில் திறக்கும், வீட்டுக் கதவு பிறகுதான் என்பது எல்லா நாட்டிலும் ஒன்றுபோல் இருக்கிறது. எங்களை இரண்டே கேள்வியில் வரவேற்ற சிங்கப்பூரிலும், வாடகை வீட்டு விளம்பரங்களில் இந்தியர் வேண்டா என்று எழுதும் வழக்கம் கண்டிக்கப்பட்டதுண்டு. நான்கு இரவு தங்குபவன் விருந்தாளி. நான்கு ஆண்டு தங்குபவன் அண்டை வீட்டான். நம் நாட்டில் 1955-இன் சட்டத்திலேயே குடியிருப்பு பற்றியும் ஒரு வரி இருக்கிறது. பணிவாகச் சொல்லப்படும் பொய்யின்முன் அந்த வரி கைகட்டி நிற்கிறது. விடுதிகளிலோ இன்று முகம் பார்க்குமுன்பே கைப்பேசியில் காலி அறைகளின் எண்ணிக்கை தெரிந்துவிடுகிறது. சாவிகளை மறைக்க முடிவதில்லை.

ஊர் திரும்பிய அன்று தாத்தா திண்ணையில் காத்திருந்தார். மரீனா விரிகுடாவையும் வானுயர்ந்த கட்டடங்களையும் வருணிக்கத் தொடங்கினேன். அவர் கையமர்த்தினார்.

"தங்குன எடத்துல என்ன கேட்டாங்க?"

"கடவுச்சீட்டு கேட்டாங்க, தாத்தா."

"அப்புறம்?"

"புகை பிடிப்பீங்களான்னு கேட்டாங்க."

"அப்புறம்?"

"அவ்வளவுதான்."

வெற்றிலையை மென்றபடி சற்று நேரம் வேலிக்கு அப்பால் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அதக் கேக்கலாம்" என்றார்.